பூமியைத் துளைத்த நாற்றம்

"நம்ம வீட்டு நாத்தம் பூமியைத் துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கமா வெளிய வந்துச்சு. இந்த மூக்கால நானே மோந்தேன்."

கப்பலை விட்டு இறங்கி வந்த அன்று மதியம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த கையோடு மூக்கர் இப்படி அறிவித்தார். பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி கரண்டியை நிறுத்தவில்லை.

"அந்தப் பக்கம்னா? பின்னாடி தெருவா?"

"பின்னாடி தெருவா! பூமிக்கே பின்பக்கம். இந்த மேசைக்கு நடுவுல ஒரு நீள ஆணியை வெச்சு அடி. தரை, மண்ணு, பாறை, அதுக்கும் கீழ கொதிக்கிற நெருப்பு, எல்லாத்தையும் தாண்டி அந்த ஆணி எந்த இடத்துல தலையை நீட்டுமோ, அந்த இடத்துல எங்க கப்பல் நின்னுச்சு. நாலு பக்கமும் தண்ணி. ஒரு ஈ, ஒரு கொசு கிடையாது. அங்க நாறுச்சு. வேற எதுவும் இல்ல, நம்ம வீடு நாறுச்சு."

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா ஆரம்பிச்சாச்சு" என்றாள்.

மூக்கருக்கு வீட்டில் இருந்த மதிப்பு அவ்வளவுதான். கடலில் இருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு மூட்டைக் கதையோடு இறங்குவார். ஒரு முறை பார்த்த அலையின் உச்சியில் பனி உறைந்திருந்ததாம். இன்னொரு முறை ஒரு திமிங்கலம் கப்பலைத் தன் குட்டி என்று நினைத்துப் பால் கொடுக்க வந்ததாம். அவர் சொல்வதைப் பத்தால் வகுத்துக் கேட்க வேண்டும் என்பது வீட்டில் எழுதப்படாத சட்டம்.

மனைவி தன் அண்ணனைப் பார்த்தாள். அவர் வாயில் பொய் வராது. பொய் என்ன, பேச்சே அதிகம் வராது. "நீயும்தானே அண்ணா கூட இருந்த? என்ன நடந்துச்சு?"

அண்ணன் ரொட்டியை மெல்லாமல் தண்ணீரோடு விழுங்கினார்.

"எலி" என்றார். "கப்பல்ல ஒரு எலி செத்துச்சு. மாப்ளே அதைப் பூமி வழியா இழுத்துட்டு வர்றாரு."

மூக்கர் மச்சானை முறைத்தார். பக்கத்தில் நின்று கண்ணீர் வழிய ஓங்கரித்த மனுஷன், கரை ஏறியதும் எலி என்கிறானே! அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வகுக்காமல் கேட்க வேண்டிய கதையோடு வந்திருந்தார், அதுவும் இப்படி எலியிடம் தோற்றது.

விஷயம் வெறும் வீம்பு இல்லை. அந்த வார இறுதியில் மகள் வீட்டை விட்டுப் போகிறாள். விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. அவளைத் துரத்தியது யார் என்று கேட்டால் மூக்கர் ஜன்னலைக் காட்டுவார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மீன் மாவு ஆலை.

அந்த ஆலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் சாப்பிட்டது தங்காது. கரையில் யாரும் வாங்காத மீன், வயிறு வெடித்த மீன், தலை, குடல், செதில், வலையில் சிக்கி இரண்டு நாள் வெயிலில் கிடந்து கூழான மீன் என எல்லாவற்றையும் லாரியில் கொண்டுவந்து ஒரு குழியில் கொட்டுவார்கள். குழியில் அது குமிழி விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு நீராவியில் வேகவைத்து, பிழிந்து, காயவைத்து, கோழித் தீவனத்துக்கு மாவாக்குவார்கள். பிழிந்த நீர் சாம்பல் நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு தெருச் சாக்கடையில் ஓடும். நீராவி புகைபோக்கி வழியாக மேலே போய், அங்கே தனக்கு வேலை எதுவும் இல்லை என்று தெரிந்ததும் நேராக மூக்கர் வீட்டுக்கு இறங்கி வரும்.

ஜன்னல் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு விரலால் படம் வரையும் அளவுக்குப் படிந்திருக்கும். துவைத்த துணி காயும்போதே அழுக்காகும். டீயில் வாய் வைத்தால் மீன். வெண்ணெயில் மீன். புதுச் சோப்பைப் பிரித்து மறுநாள் மோந்தால் அதுவும் மீன். அந்தத் தெரு ஈக்கள் பறப்பதை எப்போதோ விட்டுவிட்டன. வயிறு பெருத்து, சுவரோரமாக நடந்தே போகும். காக்கைகள் அந்தத் தெருவைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்று மூக்கர் சொல்வார். அதைப் பத்தால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும்.

ஆனால் இதெல்லாம் மூக்கருக்கு மட்டும்தான். அங்கேயே இருப்பவர்களுக்கு ஒரு வாடையும் தெரியாது. மனைவி அந்த வீட்டிலேயே பிறந்தவள். மகளும் அப்படியே. மாடியில் குடியிருக்கும் மச்சானோ அந்த ஆலையின் பாய்லர்காரர். கல்யாணம் கட்டிக்கொள்ளாத மனிதர். பாய்லரும் தங்கை வீட்டுச் சாப்பாடும்தான் அவர் உலகம். மூக்கர் மட்டும் மாதக்கணக்கில் ஆராய்ச்சிக் கப்பலில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டிவிட்டுச் சுத்தமான மூக்கோடு திரும்பி வருவார். வாசலில் கால் வைத்ததும் குடல் தொண்டைக்கு வரும். ஒரு வாரம் சாப்பாடு இறங்காது. பிறகு அவருக்கும் பழகிவிடும். பழகுவதுதான் அவருக்கு நாற்றத்தைவிட அருவருப்பு. தன் தலையணை நாறுவது தனக்கே தெரியாமல் போகும் அந்த நாளை நினைத்தால் உடம்பு கூசும்.

மகளுக்குச் செண்ட் கடையில் வேலை கிடைத்தது. மூன்றாம் நாளே முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாக, கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்காமலே, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விஷயம் கேட்டு மாமன்காரர் கடைக்கே போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டுவிட்டு வந்தார். "எங்க புள்ளை நாறுதாம்! அவன் மூக்கு அழுகிப்போச்சு!" பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. கூட்டமான பஸ்ஸிலும் காலி. கடைசியில் அவள், "நான் விடுதிக்குப் போறேன். எல்லாரும் வேற பக்கம் வீடு பாத்தா இருக்கேன், இல்லன்னா போறேன்" என்றாள்.

மூக்கர் வேறு வீடு பார்க்க எப்போதும் தயார். மனைவிதான் அசையவில்லை. "அண்ணனைத் தனியா விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன். அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்த வீடு நாறுதுன்னு. அன்னைக்கே பாத்திரத்தைக் கட்டறேன்."

"நாத்தமா?" என்பார் மச்சான், நெஞ்சு நிறைய இழுத்து. "எங்க?"

இப்படி இருக்கும்போதுதான், இந்தப் பயணத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆலையின் பாய்லர் வெடிப்பு விட்டு, புதிது வரும்வரை வேலை நின்றது. மூக்கர் தன் கப்பலின் என்ஜின் அறையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் மச்சானின் காலைச் சுற்றினார்.

"மச்சான், நீ என்கூட வா. உலகத்துலேயே நம்ம வீட்டுக்கு ரொம்பத் தூரமான இடம் ஒண்ணு இருக்கு. நேர் அடிப்பக்கம். அங்க இருந்து எந்தப் பக்கம் ஒரு அடி வெச்சாலும் வீட்டுக்குக் கிட்ட வந்துடுவ. அவ்ளோ தூரம். அந்த இடத்துல நின்னு ஒரு மூச்சு இழு. திரும்பி வந்து நம்ம வாசல்ல ஒரு மூச்சு இழு. அப்பவும் நாத்தம் இல்லன்னு சொன்னா, செத்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன்."

"நீங்க வாய் திறக்காம இருக்கறதுக்காகவே வரலாம் மாப்ளே" என்றார் மச்சான். வந்தும்விட்டார், ஒரு தகரப் பெட்டியோடு.

மூக்கர் ஏற்கெனவே அந்த அடிப்பக்கத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். வரைபடத்தில் ஊரின் வடக்கு டிகிரிக் கணக்கைத் தெற்கு ஆக்கினார். கிழக்குக் கணக்கை மேற்கு ஆக்கினார். வேலை முடிந்தது. கப்பல் கிளம்பிய பிறகு வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால், அது ஒரு பாலைவனத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது.

மச்சான் கப்பலேறியபின் முதல்முறையாகச் சிரித்தார். "கப்பலுக்கு நாலு ஒட்டகம் கட்டிடலாமா மாப்ளே?"

மேட் என்று எல்லோரும் கூப்பிடும் அதிகாரி சமையல்காரரிடம் ஓர் உருளைக்கிழங்கும் கம்பியும் வாங்கிவந்து காட்டினார். வடக்கைத் தெற்காகத் திருப்பினால் போதும். கிழக்கு மேற்கு அப்படியில்லை. பாதிக் கிழங்கைச் சுற்றிவர வேண்டும், அதாவது நூற்றெண்பது டிகிரியிலிருந்து கழிக்க வேண்டும். கம்பியை ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் இழுத்தார். "இதோ, உங்க வீடு. இதோ, அடிப்பக்கம். இங்க பகல்னா அங்க ராத்திரி. இங்க வெயில்னா அங்க குளிர்." சரியான இடம் நடுக்கடலில் விழுந்தது. கப்பலின் பாதைக்குக் கொஞ்சம் தள்ளி.

மூக்கர் கேப்டனிடம் போய்க் கேட்டார். கேப்டன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இது ஆராய்ச்சிக் கப்பல் ஐயா. உங்க குடும்பத் தகராறுக்கு வாடகை வண்டி இல்ல."

அத்தோடு மூக்கரின் திட்டம் பாதி கவிழ்ந்தது. ஆனால் மறுபாதி தானாக வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

முதலில் மச்சான், காற்றில் ஒன்றுமே இல்லை என்று குறைபட்டார். "சப்புனு இருக்கு மாப்ளே. உப்பு இல்லாத சாப்பாடு மாதிரி." பிறகு ஒரு நாள் காலையில் மாவுக்கை ஈரம் காயாத சமையல்காரரை இழுத்துக்கொண்டு டெக்குக்கு ஓடிவந்தார். "மாப்ளே! ரொட்டிக்கு வாசனை இருக்கு! இந்த ஆளு என்னமோ போடறாரு!" சமையல்காரர் தான் ஒன்றும் போடவில்லை, மாவு வெந்தால் அப்படித்தான் வரும் என்று சத்தியம் செய்தார். அடுத்தடுத்து மச்சானின் மூக்கில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. காப்பி. நனைந்த கயிறு. புதுப் பெயின்ட். சமையல்காரரின் கால். அதற்கு அடுத்தபடி அவர் ஒரு மனிதனாக இருக்கவில்லை, வேட்டைநாய் ஆகிவிட்டார். மூன்று அறை தள்ளி யார் ஆரஞ்சு உரிக்கிறார்கள் என்று சொன்னார். மேட் நேற்றுக் குளிக்கவில்லை என்று மேட் எதிரிலேயே சொன்னார்.

மூக்கர் பூரித்துப்போனார். அடிப்பக்கம் போகாவிட்டால் என்ன, மூக்கு திறந்தாயிற்று.

அப்போதுதான் குளிர் வந்தது. சும்மா குளிர் இல்லை. மூக்கர் கணக்குப்படி, சொன்ன சொல் காதுக்குப் போவதற்குள் உறைந்து டெக்கில் விழுந்தது. அதுவரை கம்பெனி கொடுத்த உடுப்பிலேயே காலம் தள்ளிய மச்சான், வந்ததிலிருந்து தொடாத தகரப் பெட்டியைத் திறந்து, தங்கை மடித்து வைத்திருந்த வீட்டுக் கம்பளியை எடுத்தார். கையிலிருந்த சூடான காப்பியை மோந்துகொண்டே போர்த்திக்கொண்டார். காப்பி தீர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் கப்பலின் வயிறு புரண்டது.

முதலில் என்ஜின் அறையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு ஏணியில் ஏறினார். பிறகு சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் சூப்பை அப்படியே வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஈரமும் இனிப்பும் கலந்த அழுகல். தொண்டையின் பின்புறத்தில் போய் ஒட்டிக்கொண்டு, எச்சில் விழுங்கினாலும் கூடவே இறங்கும் கொழகொழப்பு. சமையல்காரரின் குளிரறையில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று தீர்ப்பு வந்தது. அவர் ஒவ்வொரு இறைச்சித் துண்டாக வெளியே எடுத்துக் காட்டி, "மோந்து பாருங்கய்யா, என் பொருளை மோந்து பாருங்க" என்று அழுதார். கப்பலின் அடித்தட்டில் தேங்கும் கழிவுநீரை இறைத்தார்கள். அதுவும் நாறியது, ஆனால் இப்படி நாறவில்லை. அதைப் பக்கத்தில் வைத்தால் பன்னீர்.

"எலி!" என்றார் மச்சான். "எங்கயோ எலி செத்துக் கிடக்கு. விடுங்க, நான் கண்டுபிடிக்கிறேன்."

புது மூக்கின் பெருமை அவருக்கு. கம்பளியை இறுக்கிப் போர்த்திக்கொண்டு தேடக் கிளம்பினார். கயிற்று அறைக்குள் தலையை விட்டார். "இங்க நாறுது!" பெயின்ட் அறைக்குள் விட்டார். "ஐயே, இங்கதான் அதிகம்!" மேட்டின் கேபினில் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தார். "இங்கயும் செத்திருக்கு!" அவர் நுழைந்த இடமெல்லாம் எலி செத்தது. அவர் வெளியேறியதும் பிழைத்தது. குழாய்களுக்கு நடுவே புகுந்து, ஓங்கரித்துக்கொண்டே, கண்ணீரைக் கம்பளி முனையால் துடைத்துக்கொண்டே தேடினார். துடைக்கத் துடைக்கக் குமட்டல் அதிகமானது. "ஒரு எலி இல்ல கேப்டன், குடும்பமே செத்திருக்கு!"

கேப்டனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எல்லாக் கதவையும் திறக்கச் சொன்னார். காற்று கப்பலுக்குள் புகுந்து வெளியே போகட்டும் என்று கப்பலின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, என்ஜினைத் தணித்து, அப்படியே மிதக்க விட்டார். கப்பல் பாதையை விட்டு விலகி மெதுவாக நகர்ந்தது. பின்னாலேயே பறந்துவந்த பெரிய கடல்பறவைகள் வட்டமடித்துத் திரும்பிப் போயின.

நல்ல உச்சிவேளை. மூக்கர் மேல்டெக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மேட் கைக்குட்டைக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"ஓய் வின்ச்! உங்க ஊர்ல இப்ப நடுராத்திரி. கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

"எதுக்கு?"

"உங்க பொண்டாட்டி தூங்கறது தெரியுதான்னு பாருங்க. நேர் கீழ இருக்காங்க. கருவியைப் பாத்துட்டேன். காத்து நம்மளைத் தள்ளிட்டுவந்து அந்தக் கம்பி முனையிலேயே நிறுத்திடுச்சு."

மூக்கர் குனிந்து பார்த்தார். இருட்டுப் பச்சையில் தண்ணீர். அதற்கடியில் உலகம் முழுவதும். அந்தக் கணத்தில் அவர் மூக்கு, அதுவரை சொல்லாமல் இருந்ததைச் சொன்னது. இது எலி இல்லை. இது அவருக்குத் தெரிந்த நாற்றம். வாசலில் கால் வைத்ததும் வரும் அதே நாற்றம். ஆலையின் புகைபோக்கி, சாம்பல் நுரை, தலையணை, வெண்ணெய். கடலிலிருந்துதான் மேலே வருகிறது என்று சத்தியமாக நம்பினார். முடிந்தவரை தூரம் ஓடிவந்தோம், அது குறுக்குவழியில் பூமியைக் குடைந்துகொண்டு நமக்கு முன்னால் வந்து நிற்கிறதே! கம்பிமேல் கவிழ்ந்து, சாப்பிட்டதையெல்லாம் தன் வீட்டுக் கூரையை நோக்கிக் கொட்டினார்.

"உங்களுக்கும் வருதா மாப்ளே?" பின்னால் மச்சானின் குரல். "இந்த இடத்துலதான் ரொம்ப அதிகம்."

மூக்கர் திரும்பினார். மச்சான் கம்பளிக்குள் தலைமுதல் முழங்கால்வரை சுருண்டு நின்றார். நாற்றம் அவரோடு நின்றது.

மூக்கருக்கு எல்லாம் புரிந்தது. சிரிக்கத்தான் நினைத்தார், முடியவில்லை.

"மச்சான். அது எலி இல்ல. நம்ம வீடு."

"எது?"

"நீ போத்தியிருக்கிறது."

மச்சான் கம்பளியின் ஓரத்தைக் கையில் எடுத்தார். தங்கை துவைத்து, காயவைத்து, அழகாக மடித்து வைத்த கம்பளி. மெதுவாக மூக்குக்குக் கொண்டுபோனார். அந்த முகத்தில் அப்போது நடந்ததை மூக்கரால் எந்தக் கதையிலும் பெரிதாக்க முடியவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டார். மச்சான் மூன்று முறை ஓங்கரித்தார். பிறகு கம்பளியைச் சுருட்டி, தங்கையையே சுருட்டுவதுபோல் தயங்கி, கடலில் போட்டார். கேபினுக்குப் போய்த் தகரப் பெட்டியையும் தூக்கிவந்து போட்டார். அது குமிழி விட்டுக்கொண்டு ஊரை நோக்கி நேராக இறங்கியது.

ஊர் வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கரை ஏறிய பின் அந்தச் சாப்பாட்டு மேசையில் பேசிய முதல் சொல்: எலி.

இப்போது சாட்சி ஒருவர்தான், அவரும் பல்டி அடித்தாயிற்று. ஆதாரம் கடலடியில். மூக்கருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஆனால் அன்று மதியமே அவர் ஒன்றைக் கவனித்துவிட்டார். மச்சான் தண்ணீரோடு ரொட்டியை விழுங்குகிறார். வாயால் மூச்சு விடுகிறார். புது பாய்லர் பொருத்தியாகிவிட்டது. மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று, தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு, பிறகுதான் தெருவில் இறங்கினார். சாயங்காலம் பேச்சே மாறியிருந்தது.

"என்ன அண்ணா, ஜலதோஷமா?" என்றாள் தங்கை.

"ஒண்ணுபில்லபா" என்றார் அண்ணன்.

மூக்கர் அவர் பின்னாலேயே மாடிக்கு ஏறினார். "மூக்குல என்ன மச்சான்?"

"பஞ்சு" என்றார் மச்சான். சொன்ன பிறகுதான் ஒளிக்க வேண்டும் என்று தோன்றியது போலிருக்கிறது.

"அப்ப நாறுதுன்னு ஒத்துக்கோ!"

"நாலு நாள் பொறுங்க மாப்ளே. பழகிடும்."

அதுதான் திட்டமா! மூக்கு மறுபடி செத்துப்போகும்வரை பஞ்சை வைத்து ஒப்பேற்றுவது. பிறகு பஞ்சை எடுத்துவிட்டு, நெஞ்சு நிறைய இழுத்து, "நாத்தமா? எங்க?" என்று கேட்பது. மகள் போன பிறகு அந்த மூக்கு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

"உன் மருமக போறா மச்சான்."

"அந்த பாய்லரை நான் குழந்தை மாதிரி பாத்துக்கறேன்" என்றார் மச்சான், சம்பந்தமே இல்லாமல். ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பூரா நெருப்பும் என் கையில. ஊர்ல எல்லார் மூக்குலயும் போற அந்த ஆவி, நான் போடற நெருப்புல வர்றது. நாறுதுன்னு சொன்னா, அதை நாற வெச்சவன் யாரு?"

மூக்கர் இறங்கிவந்து, வாசற்படியில் உட்கார்ந்தார். சுவரோரமாக ஒரு ஈ நடந்து போனது. அதை மிதிக்கக்கூட அவருக்கு மனசு வரவில்லை, செருப்பில் ஒட்டும்.

அடுத்த நாட்களில் மூக்கர் செய்யாத கூத்தில்லை. மச்சானின் பஞ்சை ஒளித்து வைத்தார். மச்சானோ துண்டைக் கிழித்து மூக்கில் செருகிக்கொண்டார். மூடியே கிடந்த ஆலைப் பக்கத்து ஜன்னலைப் பிடுங்கித் திறந்தார். ஆவி குபீரென்று உள்ளே புகுந்து, பாத்திரங்கள்மேல் வியர்வைபோல் படிந்தது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். மூக்கரே எழுந்து ஓட வேண்டியதாயிற்று. இதற்குள் அவருக்கே லேசாகப் பழகத் தொடங்கியிருந்தது. வெண்ணெய் முந்தாநாள் போல் அத்தனை மோசமாக இல்லை. அந்த எண்ணம் வந்ததும் வெண்ணெயைக் குப்பையில் கொட்டினார்.

போகும் நாள் வந்தது. மகளின் பை வாசலில் இருந்தது. கடைசியாக எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை. மனைவி எல்லோர் தட்டிலும் பரிமாறிவிட்டு, தனக்கு மட்டும் வைக்க மறந்து நின்றாள்.

மூக்கர் கடைசி முயற்சியாகத் தொண்டையைக் கனைத்தார். "அந்த அடிப்பக்கத்துல…"

"அப்பா, போதும்" என்றாள் மகள். கோபம் இல்லை, களைப்புதான். அவள் எழுந்து மாமனின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, எனக்கு ஒண்ணு தெரியணும். நான் என்னையே மோந்து பாத்தா எனக்கு ஒண்ணுமே வரல. அம்மாவுக்கும் வரல. அப்பா சொன்னா எதை எடுத்துக்கறது, எதை விடறதுன்னு தெரியல. நீ அத்தனை நாள் வெளிய இருந்துட்டு வந்திருக்க. நான் போற இடத்துல ரூம்ல இன்னொரு பொண்ணு இருப்பா. நான் உள்ள நுழைஞ்சதும் அவ மூக்கைப் பிடிப்பாளா, மாட்டாளா? அதை மட்டும் சொல்லு. வேற எதுவும் வேண்டாம்."

குனிந்து, வாரிப் பின்னிய தலையை மாமன் முகத்துக்கு நேரே காட்டினாள். அன்றுதான் குளித்திருந்தாள். கூந்தலில் ஈரம் இருந்தது.

மச்சான் மூக்கரைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பிறகு ஒரு நாசியிலிருந்து பஞ்சை எடுத்தார். இன்னொன்றிலிருந்தும் எடுத்தார். தட்டின் ஓரத்தில் வைத்தார். பழுப்பேறிய, ஈரமான இரண்டு உருண்டைகள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் மருமகளின் உச்சந்தலையில் மூக்கை வைத்து, மெதுவாக, நெஞ்சு நிறைய இழுத்தார்.

தோள் இரண்டும் குலுங்கின. வயிறு எக்கியது. வாய்வரை வந்ததை அவர் விழுங்குவது அவர் தொண்டை அசைவில் மூக்கருக்குத் தெரிந்தது. எழுந்து ஓடவில்லை. அவள் தலையைத் தள்ளவில்லை. கையை அதன்மேல் வைத்தபடியே இருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அது ஓங்கரிப்பினாலா வேறு எதனாலா என்று யாருக்கும் தெரியவில்லை.

"பிடிப்பா" என்றார்.

மகள் நிமிரவில்லை. அவள் முதுகு மட்டும் தளர்ந்தது.

"உன் மேல தப்பு இல்லம்மா. சோப்பு மேலயும் தப்பு இல்ல."

"அண்ணா?" என்றாள் தங்கை. "எலின்னு சொன்னியே…"

மச்சான் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அந்தத் துண்டும் நாறியது போலும், தூர எறிந்தார். பிறகு, பஞ்சில்லாத குரலில், ஒவ்வொரு எழுத்தும் திருத்தமாக, மூக்கரைப் பார்க்காமலே சொன்னார்.

"எலி எதுவும் சாகல. நீ மடிச்சுக் கொடுத்த கம்பளி. நேர் அடிப்பக்கத்துல நின்னோம், நாலு பக்கமும் தண்ணி, ஒரு ஈ கிடையாது. நம்ம வீடு அங்கயும் நாறுச்சு. மாப்ளே சொன்னது நடந்துச்சு."